பாண்டியில் ஜூ எங்கே சார்?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஜூவுக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "வண்டலூருக்கா? வந்த பஸ்லயே திரும்பி ஏறுங்க சார்!" என்பார். தப்பு அவர் மேல் இல்லை. யான் மார்ட்டெல் என்ற கனடாக்காரர் 2001-ல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலில், இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு மிருகக்காட்சி சாலையையே கட்டிவிட்டார். காகிதத்தில்தான்!

அதற்கு உயிர் கொடுக்க 2011 ஜனவரியில் ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. டைரக்டர் ஆங் லீ, தைவான்காரர். கேமராமேன் கிளாடியோ மிராண்டா பிறந்தது சிலி நாட்டில், பிழைப்பு அமெரிக்காவில். தோளில் புரளும் நீள வெள்ளை முடி. வில்லியனூர் குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது விபூதி கேட்டிருப்பார்கள்.

மனிதர் லைட் டிபார்ட்மென்ட்டிலிருந்து மேலே வந்தவர். 1999-ல் வந்த 'ஃபைட் கிளப்' படத்தில், நம்ம கோடம்பாக்கத்துப் பாஷையில் சொன்னால், லைட்மேன்களுக்கு மேஸ்திரி. அப்புறம் கேமராமேன். 2008-ல் வந்த 'பெஞ்சமின் பட்டன்' படத்துக்கு ஆஸ்கார் நாமினேஷன். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் கிடையாது. ஒரு படம் முடிந்தால் அடுத்த போன் வரவேண்டும். அது எந்த தேசத்திலிருந்து வருமோ!

அதில் ஒரு சங்கடம் உண்டு. சொந்த ஊரில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று கேமராமேனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வேற்றூரில்? வந்து இறங்கிய நாலு நாளில் பிடிபட்டாக வேண்டும்.

பாண்டி வெயிலோ லேசில் பிடிபடாது. கடல் கிழக்கே. விடிந்ததும் சூரியன் கடலிலிருந்து நேராகத் தெருக்களுக்குள் நுழைந்து, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மஞ்சள் சுவர்களில் மோதும். அந்த ஒரு மணி நேரம் யார் படம் எடுத்தாலும் அழகுதான். பத்து மணிக்கு மேல் கண் கூசும். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். சன்செட் பார்க்க பீச்சுக்கு வந்து கடலையே முறைத்துக்கொண்டு நிற்கும் டூரிஸ்ட்டுகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

படத்தில் எனக்குப் பிடித்தது ராத்திரிக் காட்சிதான். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் குளம். படியெல்லாம் தீபம், தண்ணீரில் தீபம், சுற்றிலும் ஜனங்கள். பெரும்பாலும் அந்தச் சுடர் வெளிச்சத்தை நம்பியே எடுத்திருக்கிறார். லைட்மேனாக இருந்தவருக்கு லைட்டை அணைக்கத் தெரிந்திருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், படம் முழுக்கக் கடல். ஆனால் அது பாண்டிக் கடல் இல்லை. தைவானில் தைச்சுங் என்ற ஊரில், மூடிப்போன விமான நிலையத்தில் 17 லட்சம் காலன் தண்ணீர்த் தொட்டி கட்டி, மெஷின் வைத்து அலை அடிக்க வைத்தார்கள். இங்கே பீச்சில் இலவசமாக அடிப்பது போதவில்லை போலிருக்கிறது.

2013 பிப்ரவரியில் படத்துக்கு நாலு ஆஸ்கார். ஒன்று மிராண்டாவுக்கு. "பாதி கம்ப்யூட்டர் வேலை, இதுக்குப் போய் கேமரா பரிசா?" என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். நியாயமான கேள்விதான். வில்லியனூர் குளத்துக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அவர் அடுத்த போனுக்குப் போய்விட்டார். 2022-ல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்தில் ஆகாய விமானங்களைத் துரத்தினார்.

இங்கே வேறொன்று நடந்தது. ஷூட்டிங் முடிந்து பதினோரு மாதம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் பாண்டியைப் புரட்டிப் போட்டது. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த தாவரவியல் பூங்காவிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. படம் தியேட்டருக்கு வந்ததே 2012 நவம்பரில்தான்.

அடுத்த தடவை பார்க்கும்போது புலியை விட்டுவிட்டு, ஜூ காட்சிகளில் பின்னால் நிற்கிற மரங்களைப் பாருங்கள். கொஞ்சம் இங்கேயும் கொஞ்சம் தைப்பே ஜூவிலுமாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எது நம்ம மரம், எது தைவான் மரம் என்று கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்!