மேதை: பிறவியிலா, பயிற்சியிலா?

இந்த மாதம் கட்டுரைப் பகுதி என் பங்குக்கு வந்திருக்கு. தாள் ஒன்றுதான், விஷயம் நிறைய. எழுத்து பொடிசா இருந்தால் கொஞ்சம் கிட்ட வந்து வாசிங்க.

தலைப்பைப் பார்த்ததும் பட்டிமன்றம் மாதிரி இருக்கேன்னு நினைப்பீங்க. ஆமாம், பட்டிமன்றத் தலைப்புதான். நமக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா ஐயா நடுவராக உட்கார்ந்தால், இரண்டு அணியும் வெளுத்து வாங்கிவிடும். ஒரு அணி, "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று ஆரம்பிக்கும். எதிரணி, "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று பதில் சொல்லும். இரண்டுமே நம்ம பாட்டிமார் சொன்னதுதான். ஒரே பாட்டி காலையில் ஒன்றும் சாயங்காலம் இன்னொன்றும் சொல்வதை நானே கேட்டிருக்கேன். திருவள்ளுவரும் "ஊழ்" என்று ஓர் அதிகாரம் வைத்தார், "ஆள்வினையுடைமை" என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார்.

பட்டிமன்றம் என்றால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஆனா வகுப்பறையில் இந்தத் தீர்ப்பைத் தினமும் யாராவது சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. "அவ பொறவியிலேயே மூளைக்காரி." "உனக்கெல்லாம் கணக்கு வராதுடி." இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு நோட்டை மூடி வச்ச பிள்ளைகள் எத்தனை பேர்! அதனால்தான் இதை எழுதுறேன்.

முதலில் நம்ம எல்லாருக்கும் தெரிந்த கதையில் இருந்து வருவோம். டிவியில் தமிழ் பேசும் நருட்டோவைப் பார்க்காத பிள்ளை நம்ம வகுப்பில் குறைவு. அது முதலில் கார்ட்டூனாக வரவில்லை. ஜப்பானில் மசாஷி கிஷிமோட்டோ என்பவர் 1999 முதல் 2014 வரை வாராவாரம் வரைந்த படக்கதை. ஜப்பான் படக்கதைக்கு "மங்கா" என்று பெயர். (உப்பு மிளகாய் போட்டுத் தின்னும் மாங்கா இல்லை!)

அதில் நெஜி என்று ஒரு பையன். பெரிய குலத்தில் பிறந்தவன். பிறக்கும்போதே விசேஷமான கண் பார்வை உண்டு. "பிறக்கும்போதே எல்லாம் எழுதியாச்சு, மாற்ற முடியாது" என்பது அவன் கட்சி. அதே குழுவில் ராக் லீ என்று இன்னொரு பையன். மற்ற நிஞ்சாக்கள் செய்யும் மாய வித்தை ஒன்றுகூட அவனுக்கு வராது. கையும் காலும் மட்டும்தான் அவனுக்கு ஆயுதம். காலில் கனமான எடையைக் கட்டிக்கிட்டு இராப்பகலாகப் பயிற்சி எடுப்பான். ஒரு சண்டையில் அந்த எடையைக் கழற்றிக் கீழே போடுவான் பாருங்க, தரையே அதிரும். நம்ம வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் அந்தக் காட்சியை நடித்துக் காட்டியிருக்காங்க.

பயிற்சிக் கட்சி ஜெயிச்சிருச்சு என்று அவசரப்படாதீங்க. அந்தச் சண்டையில் லீ தோற்றுப்போவான். அது மட்டுமா? கதை முழுக்க "கடைசி பெஞ்சு" மாதிரி வரும் நருட்டோ, கடைசியில் பார்த்தால் நான்காம் ஹோகாகேயின் மகன்! ஊர்த்தலைவர் பிள்ளை! "அப்ப அதுவும் ரத்தத்தில்தானா?" என்று என் தோழி கோபமாகக் கேட்டாள். நியாயமான கேள்விதான். கதையை விட்டு மனுஷங்க பக்கம் வந்து பார்ப்போம்.

நம்ம மதுரைக்காரர் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா. 1916இல் இங்கே பிறந்தார். 1966இல் ஐ.நா. சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா பெற்றார். இசைக் கலைஞர்களில் அந்த விருதை முதலில் பெற்றவர் அவர்தான். "பிறவிக் குரல்" என்று எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவர் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி வயலின் வாசித்தவர். கண் திறந்ததில் இருந்து வீட்டில் சுருதி கேட்டுக்கிட்டே இருந்திருக்கும். அப்போ அந்தச் சங்கீதம் ரத்தத்தில் வந்ததா, வீட்டில் கேட்டுக் கேட்டு வந்ததா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதை எங்க வீட்டிலேயே பார்க்கிறேன். எங்க அம்மா பூக்கட்டுறவங்க. மல்லிகை மொட்டை நாரில் வைத்து, என் கையெழுத்துக் கோணலைத் திட்டிக்கிட்டே, பூவைப் பார்க்காமலே ஒரு முழம் கட்டிருவாங்க. இடைவெளி ஒரே அளவா இருக்கும். "கைராசிக்காரி" என்று பக்கத்து வீட்டம்மா சொல்லும். "பொறவியிலேயே வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "எட்டு வயசுல எங்க அப்பத்தா பக்கத்துல உக்காந்து கட்ட ஆரம்பிச்சேன். அவுந்துபோனா மறுபடி கட்டுன்னு சொல்லும். அம்புட்டுத்தேன்" என்றாங்க. யாரும் எங்க அம்மாவை மேதை என்று சொன்னதில்லை. ஆனா விரல் செய்யும் வேலையைப் பார்த்தால் வீணைக்காரர் விரலுக்குக் குறைஞ்சதா எனக்குத் தெரியல. அதே அம்மாதான் எனக்கும் அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. அக்காவுக்கு வேகமா வருது. எனக்கு நல்லா வருது, ஆனா மெதுவா வருது.

இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்த அப்பா அம்மா இருக்காங்க. ஹங்கேரி நாட்டில் லாஸ்லோ போல்கார் என்ற ஆசிரியர், "மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள்" என்பதில் உறுதியாக இருந்தார். தன் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சதுரங்கம் கற்றுக் கொடுத்தார். சூசன், சோபியா, ஜூடிட். பெண்களுக்குச் சதுரங்க மூளை கிடையாது என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்களே பேசிக்கிட்டிருந்த காலம் அது. சூசன் 1996இல் பெண்கள் உலக சாம்பியன் ஆனார். கடைக்குட்டி ஜூடிட் 1991இல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். ஆண்கள் பெண்கள் எல்லாரும் சேர்ந்த உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனார்.

பயிற்சிக் கட்சிக்கு இது பெரிய வெற்றி. ஆனா ஒன்றைக் கவனிங்க. ஒரே அப்பா, ஒரே வீடு, ஒரே பயிற்சி. மூவரும் உயரம் போனாங்க, ஆனா ஒரே உயரம் போகவில்லை. ஆக, பிறவியில் ஏதோ ஒன்று இருக்கு. அது இல்லை என்று சொல்வது பொய். ஆனா அது எவ்வளவு என்று பயிற்சி கொடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது. கொடுக்கும் முன்னாடி தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது.

இப்போ பிறவிக் கட்சியின் பெரிய சாட்சியைக் கூப்பிடுவோம். கணித மேதை ராமானுஜன். அவருக்கு எல்லாம் தானாக வந்தது என்று நினைக்கிறோம். ஆனா 1903இல் ஒரு பழைய கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் உள்ள புத்தகம். அதை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தார். இதுவும் ராக் லீ செய்த வேலைதான். பிறவியும் இருந்தது, பயிற்சியும் இருந்தது. அப்படியும் என்ன ஆச்சு? மற்ற பாடங்களில் தேறாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதம் போட்டார். இரண்டு பேர் கண்டுகொள்ளவில்லை. 1913இல் ஹார்டி என்பவர் வாசித்தார். 1918இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினர்! அந்த மூன்றாவது ஆளும் கடிதத்தைத் தூக்கிப் போட்டிருந்தால், நம்ம கணக்குப் புத்தகத்தில் அவர் படம் இருந்திருக்குமா?

இங்கேதான் இரண்டு அணியும் மறந்துபோன ஒன்று தெரியுது. பிறவியும் பயிற்சியும் இருந்தாலும், பார்க்கிற கண் ஒன்று வேணும். வா என்று திறக்கிற கதவு ஒன்று வேணும்.

இதற்கு நான் கும்பகோணம் வரை போயிருக்கவே வேண்டாம். சக்கிமங்கலம் போதும். மதுரைக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே பிறந்தவர் ரேவதி வீரமணி அக்கா. ஆறு வயது நிறைவதற்குள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பாட்டி ஆரம்மாள் கூலி வேலை பார்த்து ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். பேத்திகளை வேலைக்கு அனுப்பு என்று அக்கம்பக்கம் சொன்னது. பாட்டி கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

பள்ளிப் போட்டியில் வெறுங்காலில் ஓடிய ரேவதியைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்தார். நம்ம ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி கொடுத்தவர். பாட்டிக்கு முதலில் சம்மதம் இல்லை. பொம்பளப் பிள்ளையை ஓட அனுப்பணுமா என்று சொந்தக்காரங்க பேச்சு வேறு. கண்ணன் சார் பாட்டியிடம் எடுத்துச் சொல்லி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார். 2016இல் தேசிய ஜூனியர் போட்டியிலும் ரேவதி அக்கா ஓடியது வெறுங்காலில்தான். அதன் பிறகு பாட்டியாலா தேசிய முகாம். 100, 200 மீட்டர் ஓடிக்கிட்டிருந்தவரை 400 மீட்டருக்கு மாற்றினாங்க. 2021 ஜூலையில் தகுதி ஓட்டத்தில் 53.55 விநாடி. அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அந்த அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ராக் லீ கதை மாதிரியேதான். ஆனா லீ தோற்றபோதும் பக்கத்தில் ஒருவர் நின்றார், ஞாபகம் இருக்கா? அவன் ஆசிரியர் மைட் கை. "உனக்கு வராது" என்று ஊரே சொன்ன பையனிடம், "உனக்கு எது வரும், அதைப் பார்ப்போம்" என்று சொன்ன மாதிரி நடந்துகொண்டவர். சக்கிமங்கலத்துக்குக் கண்ணன் சார். கும்பகோணத்துக்கு ஹார்டி. எங்க அம்மா விரலுக்கு எங்க கொள்ளுப்பாட்டி.

இதைப் படிச்சதும் எனக்குத் தோணுச்சு. வெறுங்காலில் வேகமா ஓடுற பிள்ளைகள் அந்த வருஷம் எத்தனையோ ஊரில் இருந்திருப்பாங்க. யாரும் பார்க்காத பிள்ளைகள் இப்போ எங்கே இருக்காங்க? அவங்களுக்குப் பிறவித் திறமை இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம்ம வகுப்பிலும் ஒருத்தி இருக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. மணி அடிக்கும்போது கேட்டுக்கு வெளியே இருப்பா, பிரேயருக்கு வரிசையில் நிற்பா. அவ்வளவு வேகம். பையன்கள்கூட அவளோடு பந்தயம் கட்டுவதில்லை. ஆறாம் வகுப்பில் கோப்பை வாங்கினா. இப்போ வீட்டில், "வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு?" என்று சொல்லிட்டாங்க. அவளும், "எனக்கு முன்ன மாதிரி வராதுடி" என்று சொல்ல ஆரம்பிச்சுட்டா. வராது என்று அவ கால் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு வாய் சொல்லுது.

நடுவர் இல்லாததால் தீர்ப்பை நானே சொல்லிடுறேன், பெரியவங்க மன்னிக்கணும். விளையும் பயிர் முளையிலே தெரியும், சரிதான். ஆனா முளையைப் பார்க்கணும் என்றால் முதலில் விதையை மண்ணில் போடணும், தண்ணி ஊத்தணும். விதையைக் கையில் வச்சுக்கிட்டே "இது முளைக்காது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அப்பா அம்மாவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை, அந்த விதைக்கே இல்லை.

அதனால் இரண்டு வேண்டுகோள். தோழிகளே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு "உனக்கு வராது" என்று சொல்வதை இந்த மாதம் ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம். கணக்குக்கும் சேர்த்துத்தான். ஆசிரியர்களே, வீட்டில் விடமாட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளின் அம்மாவை, பாட்டியை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்க. நாங்க சொன்னால் எடுபடாது. டீச்சர் சொன்னால் கேட்பாங்க.

குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நோட்டு பி.டி. டீச்சர் மேசையில் இருக்கு. நேற்று மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள், 400 மீட்டர் என்ற இடத்தில் ஒரு பெயரும் இல்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி