ஆச்சியின் நாள்

அக்டோபர் 10. ஆச்சி போன நாள். 2015-ல் மனோரமா மறைந்தபோது ஊரே சொந்த வீட்டுத் துக்கம்போல அழுதது. இன்றும் இந்த நாளில் ஆளாளுக்கு ஒரு ஆச்சியைப் பகிர்கிறார்கள். ஒருவருக்கு 'சின்ன கவுண்டர்' பல்செட், இன்னொருவருக்கு 'வா வாத்யாரே ஊட்டாண்டே' பாடிய குரல்.

எனக்கு எப்போதும் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணிதான். எதிரே நிற்பது சிவாஜி. ஆச்சியோ நாயனத்தைப் பற்றி வெள்ளந்தியாகக் கேட்டுக்கொண்டே கண்ணை உருட்டி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நாடக நடிகையாக நடித்தவர் நிஜமாகவே நாடக மேடையிலிருந்து வந்தவர் இல்லையா, அந்த ஒப்பனையும் ஒய்யாரமும் அவருக்குப் பழகிய வீடு.

ஆயிரம் படம், கின்னஸ், ஐந்து முதல்வர்களோடு பணியாற்றியவர் என்றெல்லாம் பட்டியல் போடுகிறோம். 'பொம்பளை சிவாஜி' என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அவர் மனோரமா, போதாதா? 'புதிய பாதை'க்குத் தேசிய விருது கொடுத்தார்கள், சரி. கதாநாயகியாக இன்னும் நாலு நல்ல படம் கொடுத்திருக்கலாம்.

உங்கள் ஆச்சி எந்தப் படத்தில்? கமெண்டில் சொல்லுங்கள்.