தாழ்ப்பாள் துப்பாக்கி

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்றதும் மிரள வேண்டாம். காரைக்குடி வீட்டுத் தேக்குக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மூடியவருக்குப் பாதி விஷயம் தெரியும். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். பாகங்கள் கம்மி, அதனால் விலையும் ரிப்பேரும் கம்மி.

திடீரென்று எதற்கு இந்தப் பாடம்? காரைக்குடி பக்கம் கடலை போட்டிருக்கும் உறவினர் ஒருவர், "மாப்ளே, காட்டுப்பன்னி ராத்திரியோட ராத்திரியா கொல்லையைக் கிண்டிட்டுப் போயிருது. மலிவா ஒரு ரைஃபிள் வாங்கணும். எது தேவலை?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை செய்தவற்றில் மூன்று பிரபலம். பாயின்ட் 22 சின்னது. பன்றிக்குக் காயம்தான் மிஞ்சும். காயம்பட்ட பன்றி சும்மா போகாது. பாயின்ட் 315, பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு வம்சம். ராணுவத்தின் பாயின்ட் 303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாதென்று வேறு அளவில் செய்தது. மூன்றாவது 30-06. 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. பலமும் ஜாஸ்தி, தோளில் உதைப்பதும் ஜாஸ்தி.

ரைஃபிள் குழாயின் உட்புறம் திருகுபோல வரி வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றபடி ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். நாட்டில் அதிகம் புழங்கும் 12 போர் துப்பாக்கியின் குழாய் வழவழ. ரவை சிதறும், ஐம்பது மீட்டருக்கு மேல் பெரிய பிரயோஜனமில்லை.

அப்படியென்றால் ரைஃபிள்தானே உசத்தி? மலைச்சரிவில் சரி. செட்டிநாடு சமவெளி. குறி தப்பிய குண்டைத் தடுக்க மலையில்லை. அடுத்த ஊர்தான் உண்டு. அதன் பெருமையே இங்கே அதன் குறை. 1959 ஆயுதச் சட்டமும் பயிர்க் காவல் என்று சொல்லும்போது ரைஃபிளைச் சொல்லவில்லை. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியைத்தான் சொல்கிறது.

சரி, லைசென்ஸும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுடலாமா? கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு. 1972 வனவிலங்குச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை. கடலைக்காக என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலை வனத்துறைக்குத்தான், விவசாயிக்கு இல்லை.

உறவினர் கேட்டுவிட்டு, "அப்ப அதுவரைக்கும் நான் முழிச்சே கிடக்கவா?" என்றார். நியாயமான கேள்வி. சேதத்தைப் போட்டோ எடுத்து, மனு எழுதி, நாலு விவசாயிகளாகச் சேர்ந்து வன அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். கூடவே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். உங்களையும் கேட்கிறேன். ஆத்திரத்தில் யாரும் வேலியில் கள்ளக் கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். ரைஃபிளுக்காவது குறி பார்க்க ஒரு கண் உண்டு. கரண்ட் கம்பிக்குப் பன்றியும், பசுவும், மோட்டார் போடப் போன மனுஷனும் ஒன்றுதான்.