துருத்திக்கு ஒரு படிவம்

சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுபவர்களை வரைந்து வருகிறேன். ஓவியங்களோடு அசல் துருத்தி ஒன்றையும் வைக்கலாமே என்று வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று கேட்டது. அப்புறம் ஒரே படிவம்தான். நீளம், அகலம், காப்பீட்டு மதிப்பு, ‘பொருளின் தற்போதைய நிலை’. ஆட்டுத்தோல் பை, நுனியில் சன்னமான குழாய், இதற்கு என்ன மதிப்பு போடுவது? துருத்தியின் சொந்தக்காரர் அழகர்கோவில்காரர், எனக்கு மாமா முறை. படித்துக் காட்டினேன்.

“நிலையா? ஈரம்னு போடு மாப்ளே.”

அப்படியே அனுப்பினேன். உடனே பதில்: தோலில் பூச்சி இருந்தால் மற்ற பொருள்களுக்கும் பரவும், காயவைத்து, பாலித்தீனில் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைப்போம். நியாயம்தான். துருத்தி பீய்ச்சுபவரின் உடையையும் வைப்பதானால், சாயத்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் தாண்டக் கூடாது என்றார்கள்; அதுவும் நியாயமே, வெளுத்த சாயம் திரும்பாது. ஆனால் சித்திரை வெயிலில் ஆடுகிற உடையை அரையிருட்டில் தொங்கவிட்டால் யாருக்கு என்ன தெரியும்? துருத்தி நீர் தெளிப்போரைப் பற்றி தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் எழுதியிருப்பதைக் குறிப்பிட்டு, உடை வேண்டாம், துருத்தி போதும் என்று எழுதிவிட்டேன்.

மாமா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சித்திரைக்கு முன்னால் துருத்தி ஊர் திரும்பிவிட வேண்டும். இரவல் ஒப்பந்தத்தில் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.