பழ ஈயும் யானும்

சென்ற மார்கழித் திங்களில் என் வலக்காலில் தைத்த கருவேல முள் சீழ்ப்பிடித்துக் காய்ச்சலை விளைத்தமையால், யான் விடுதியறையில் ஐந்து நாள் படுத்திருக்க நேர்ந்தது. அருகிருந்த வாழைப்பழங்கள் கனிந்தழிய, எள்ளளவினவாய சிற்றீக்கள் அவற்றை மொய்த்தன. அழுகலிற் பிறந்து கிருமிகளிடையே வளரும் இவ்வற்பவுயிர் நலமே பறந்து திரிய, யான் ஒரு முள்ளுக்கு ஆற்றாது கிடப்பதோ எனச் சினந்து விசிறியால் அடித்தேன். விலங்கியல் பயிலும் அறைத்தோழர், "அடியாதே, நண்பா! உன் உடம்பின் காவலை உலகிற்கு அறிவித்தது இவ்வீயே" என்று நகைத்தார். அவர்பாற் கேட்டறிந்ததை ஈண்டு வரைகின்றேன்.

நம் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் ஈயினிடத்து இல்லை. ஆயினும், பாக்டீரியா உட்புகின் அதன் சுவரின் துணுக்கை உணரும் புரதங்கள் அதற்கு உண்டு. அவை எழுப்பும் எச்சரிக்கை செல்லும் வழிகள் முதன்மையாக இரண்டு. ஒன்று 'டோல்', ஜெர்மானிய மொழியில் வியப்பை உணர்த்தும் சொல் அது. பூஞ்சைகளையும் சிலவகைப் பாக்டீரியாக்களையும் எதிர்க்க எழுவது இவ்வழி. மற்றொன்று 'இம்டி'. அது பழுதுற்ற ஈ காப்பிழத்தலின், 'காப்புக்குறை' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அதற்குப் பெயராயிற்று. காவலனுக்குக் காவலின்மையாற் பெயரிட்ட இவ்வழக்கு, இலக்கணம் பயிலும் எனக்கு விந்தையாகத் தோன்றியது!

ஈ.கோலை போன்ற பாக்டீரியா புகின் இம்டி வழி விழிக்கும். 'ரெலிஷ்' என்னும் புரதம் வெட்டுண்டு, உயிரணுவின் உட்கருவிற் புகுந்து, கிருமிகொல்லிகளை ஆக்குமாறு ஏவும். கொழுப்புறுப்பு அவற்றைச் சில மணி நேரத்துள் ஈயின் குருதியிற் பொழியும். சுவர்த்துணுக்குகளைச் சிதைத்து அவ்வாரவாரத்தை அடக்கும் புரதமும் உண்டு. அடங்காத போர் ஈயையே கெடுக்குமன்றோ?

1996-இல் பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஷூல் ஹோஃப்மன் குழுவினர், டோல் பழுதுற்ற ஈக்கள் பூஞ்சையால் மடிதலைக் கண்டனர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர், டோலையொத்த புரதம் ஒன்றே சுண்டெலியிடத்தும் பாக்டீரியாவின் புறவுறைப் பொருளை உணர்தற்கு இன்றியமையாதது எனக் காட்டினர். மனிதரிடத்தும் அத்தகைய புரதங்கள் உள. ஹோஃப்மனும் பாய்ட்லரும் 2011-இல் நோபெல் பரிசு பெற்றோருள் இருவராயினர்.

இவை கேட்டபின் என் காலை நோக்கினேன். யான் பகையென வெறுத்த வெம்மையும் வீக்கமும் காவலின் அடையாளங்களே எனத் தெளிந்தேன். அற்பமென்று யான் அடித்த உயிரும் அவ்வகைக் காவலையே தன்னுள் உடையது. நாணி விசிறியைக் கீழே வைத்தேன். இப்பொழுது பழங்களை மூடிவைக்கின்றேன், ஈக்களை அடிப்பதில்லை.