வாழைப்பழம் மாங்காய் ஆன கதை

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஒரு கதை சொன்னாள். சந்தையில் வாழைப்பழம் விற்கும் கிழவி. தாரோடு பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு. துரத்திப்போய் வாய்க்காலில் விழும் கிழவியைத் தூக்கிவிட அதே குரங்கு நீட்டும் வால். கால் மணி நேரம் ஓடியது. "இதை அப்படியே எழுதிக் கொடு கண்ணு" என்றேன். அரை மணி கழித்து இரட்டைக்கோடு நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

பாட்டியிடம் மாங்காய் இருந்தது. குரங்கு வந்தது. குரங்கு போனது.

"வாழைப்பழம் எங்கடி போச்சு?"

"அதுக்கு எந்த 'ல'ன்னு தெரியல தாத்தா. அதான் மாங்காய் ஆக்கிட்டேன்."

கிழவி பாட்டியானதும், வாலும் வாய்க்காலும் காணாமல் போனதும் இதே தகராறில்தான். சிரித்துவிட்டு அவள் விரலைப் பார்த்தேன். பென்சிலை அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது. ட, ப, ம எல்லாம் கோடு கோடாக வந்துவிடுகின்றன. சுழியிலும் கொம்பிலும்தான் சங்கடம். 'கொ' என்று காது கேட்கும்போது முதலில் விழுவது 'க'. கையோ கொம்பை முதலில் போட்டு, 'க' எழுதி, பிறகு காலை இழுக்க வேண்டும். அதற்குள் குரங்கு மரமேறிவிடுகிறது.

எனக்கும் இந்த அவஸ்தை நேர்ந்ததுண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அதுவரை 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். திடீரென்று தும்பிக்கையை வெட்டச் சொன்னார்கள். யானையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'னை'யிலேயே கை நின்றுவிடும். யானை என்ன செய்தது என்பது மறந்துபோகும்.

நூறு தடவை எழுதவைக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கை வலிக்கும், அவ்வளவுதான். தினம் பத்து நிமிடம், அவள் கதையிலிருந்தே நாலு சொல் எடுத்துச் சொல்வதெழுதல் வைத்தேன். 'ண்' வந்தால் பக்கத்து வீட்டில் 'ட' இருக்கும், 'ன்' வந்தால் 'ற', 'ந்' வந்தால் 'த' என்றேன். வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களுக்குள்ளேயே இந்தக் குறிப்பு ஒளிந்திருக்கிறது. நான் படித்த காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

"அப்போ 'ழ'வுக்குப் பக்கத்து வீடு யாரு?" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். ல, ள, ழ மூன்றுக்கும் அப்படி ஒரு சுருக்குவழி கிடையாது. வாயால் சரியாகச் சொல்லி, கண்ணால் பார்த்து, கையால் எழுதித்தான் பழக வேண்டும். வாயே குழறுகிற வீட்டில் மற்ற இரண்டும்தான் கதி. பழம், மழை, கிழவி என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.

போன வாரம் கதையை மறுபடி எழுதினாள். ஒன்றரைப் பக்கம். வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருந்தது. குரங்குக்கு ஒரு பெண்டாட்டிகூட வந்திருந்தாள். கிழவி மட்டும் 'வாய்க்காளில்' விழுந்திருந்தாள். திருத்த எடுத்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். முதலில் கிழவி கரையேறட்டும்.