விருதுநகர் தந்த விடை

நாம் ஆசிரியப் பணி ஏற்றுச் சில ஆண்டுகளே ஆகின்றன. அண்மையில் வரலாற்று வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, காமராசர் போட்ட சோற்றை உண்டு படித்தவர்களே அவரைத் தோற்கடித்தார்களாமே! அது நன்றி கொன்ற செயல் அல்லவா?" என்றான். விருதுநகர்ச் சிறுவன் கேட்ட கேள்வி. நழுவிச் செல்ல நம் மனம் இடந்தரவில்லை.

1954இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர், குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றார். 1957லும் 1962லும் சாத்தூர் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1967இல் தான் பிறந்த மண்ணாம் விருதுநகரில் நின்றார். உற்றாரும் உறவினரும் நிறைந்த ஊர். எதிரே நின்றவரோ இந்தி எதிர்ப்புக் களத்தில் நின்ற மாணவர் தலைவர் சீனிவாசன். முடிவு வந்தது; 1,285 வாக்குகளில் இளைஞர் வென்றார்!

நன்றி கொன்றதா விருதுநகர்? இல்லை, தோழர்களே! கணக்கைப் பாருங்கள். 1956இல் மதிய உணவு உண்ட பத்து வயதுச் சிறுவனுக்கு 1967இல் வயது இருபத்தொன்று. அந்நாளில் வாக்குரிமைக்குரிய வயதும் அதுவே! வயிற்றுக்குச் சோறும் அறிவுக்கு எழுத்தும் பெற்ற அவன், நாட்டு நடப்பை எண்ணிப் பார்த்தான். அரிசிப் பஞ்சம் கண்டான். 1965இல் மொழிக்காக மாணவர் சிந்திய குருதி கண்டான். கல்வி தந்தவர் கேள்வியையும் சேர்த்தே தந்துவிட்டார்! அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. அது அவர் கண்ட தோல்விதான். அவர் திறந்த பள்ளிகளுக்கோ அது வெற்றி.

தமிழ்நாடு எனப் பெயர் சூட்டக் கோரி 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கியதும் இதே விருதுநகரில்தான். அவ்வாண்டு அக்டோபர் 13இல் அவர் உயிர் நீத்தார். கோரிக்கை அன்று நிறைவேறவில்லை. அண்ணா முதலமைச்சரான பின், 1967 சூலை 18இல் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. வாக்குச்சீட்டின் வலிமை அது!

இவ்வளவும் மாணவனுக்கு விளக்கினோம். வகுப்பு மகிழ்ந்தது, நம் நெஞ்சு மட்டும் மகிழவில்லை. காரணம் உண்டு.

சென்ற தேர்தலுக்கு முன் ஓர் இரவு மாமா ஓர் உறையோடு வந்தார். "நம்ம ஆளுதான் நிற்கிறார், மறந்துவிடாதே" என்று அம்மாவிடம் கொடுத்தார். நம்ம ஆள் என்றால் நம் சாதி என்று பொருள். அம்மா உறையை அரிசிப் பானைக்குள் வைத்தார். மறுநாள் வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்லவேண்டிய நாம் அதைக் கண்டோம். கண்டும் வாய் திறக்கவில்லை. மாமாவின் முகம் வாடுமே என்ற அச்சம்! பகலெல்லாம் பிறர் விரலில் மை வைத்தோம். அந்த மையின் கறை நம் மீதே படிந்ததுபோல் இருந்தது.

ஊர்ப்பற்றும் உறவும் பார்த்திருந்தால் 1967இன் விருதுநகர் வேறு விடை சொல்லியிருக்கும். அந்த ஊரில் பாடம் நடத்தும் நாம், சொந்த வீட்டில் ஊமையானோம். மேடையில் சாதியைச் சாடுவது எளிது. மாமாவிடம் மறுத்துப் பேசுவதே அரிது.

அடுத்த தேர்தல் வரும், மாமாவும் வருவார். அவர் மனம் நோகாமல், ஆனால் தெளிவாக, "உறை வேண்டாம் மாமா" என்று கூற உறுதி பூண்டுள்ளோம். இளைஞர்களே! உங்கள் வீட்டு அரிசிப் பானையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பகுத்தறிவு அங்கிருந்தே தொடங்கட்டும்!